லெஸ்ரர் நகரும் அம்மைப்பாற் சட்டமும்

1885ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆந் திகதி இங்கிலாந்தின் லெஸ்ரர் நகர வீதிகளிற் பெருந்திரளான மக்கள் ஊர்வலஞ் சென்றனர். குழந்தைகளின் பிணப்பெட்டி போன்றதொன்றைச் சிலர் சுமந்து வந்தனர். அம்மைப்பால் குத்தும் முறையை 1796இல் நிறுவிக் காட்டிய எட்வேட் ஜென்னரின் உருவம் தூக்கிலிடப்பட்டது. வைசூரியினின்றும் எண்ணிறந்த உயிர்களைக் காத்த ஒருவரை இங்ஙனம் இகழ்தல் நன்றிகேடென்றே எவர்க்குந் தோன்றும். ஆயின், அம்மக்களின் சினம் மருந்தின்மீது மாத்திரம் எழுந்ததன்று.

பிறந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்துள் அம்மைப்பால் குத்துவித்தல் வேண்டுமென 1853ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மறுக்கும் பெற்றோரை, பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்வரை மீண்டும் மீண்டும் தண்டிக்க 1867ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அரசினர் அச்சம் வீணானதன்று. 1870ஆம் ஆண்டுக்குப்பின் பரவிய கொள்ளைநோயில் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனினும் 20 சிலிங் வரையான குற்றப்பணம் எல்லோரையும் ஒரே வகையாக வருத்தவில்லை. செல்வன் அதனைச் செலுத்தி மறந்தான். காலுறையும் சப்பாத்துஞ் செய்து பிழைத்த லெஸ்ரர்த் தொழிலாளிக்கோ அது பல நாட் கூலி. செலுத்தாதவனின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்திற் போயின. சிலர் சிறையும் புகுந்தனர். அன்றியும், ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலையே மற்றொரு குழந்தைக்குக் குத்தும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதனால் வேறு நோய் தொற்றலாமென்ற அச்சத்தை வெறும் அறியாமையென ஒதுக்குதல் நீதியாகாது.

பிறர்க்குத் தீங்கு நேராமற் றடுத்தற்பொருட்டே ஒருவன் சுதந்திரத்திற் சமுதாயம் தலையிடலாமென ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் எழுதினார். இக்கொள்கையை இரு சாராருந் தமக்குத் துணையாகக் கொள்ளலாம். ஆனால் இங்கே பெற்றோர் காக்க முனைந்தது தம்முடைய சுதந்திரத்தை. ஆபத்துக்குள்ளானது குழந்தையின் உயிர். இதனை ஊர்வலத்தினர் போதிய அளவு எண்ணினாரல்லர்.

ஊசியை மறுத்த அந்நகரம் வாளாவிருந்ததுமில்லை. வைசூரி கண்டவுடன் அறிவித்தல், நோயாளியைத் தனி வைத்தியசாலைக்கு அனுப்புதல், உடனுறைந்தோரைச் சில நாள் அடைத்து வைத்தல், உடையையும் வீட்டையும் தொற்றுநீக்குதல் என்னும் முறையை அது கைக்கொண்டது. வீட்டைவிட்டுப் பிரித்து அடைத்து வைத்தல் ஊசியினுங் குறைந்த கட்டுப்பாடா? அன்று. ஆயினும் மக்கள் பெரும்பாலும் அதற்கு இசைந்தனர். நோய் உண்மையில் வந்தபோதே அக்கட்டுப்பாடு வந்தது. தாம் தெரிவுசெய்த நகரசபையே அதனை நடத்தியது. இழந்த கூலிக்கும் ஈடு கிடைத்தது. இம்முறையைப் புகழ்ந்தோர் பலர் சொல்லாது விட்ட செய்தி ஒன்றுண்டு: நோயாளரைப் பராமரித்த ஊழியர் அம்மைப்பால் குத்திக்கொண்டவர்கள். இகழப்பட்ட ஜென்னரே அந்நகரின் காவலரணுக்குள்ளும் நின்றார்.

1889இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு ஏழாண்டுகள் ஆராய்ந்தது. அம்மைப்பால் பயனுடையதென ஏற்ற அதுவே, மீண்டும் மீண்டுந் தண்டித்தலைக் கைவிடுமாறும் கூறியது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சாட்சியின்பேரில் மறுப்போர்க்கு விலக்களித்தது. கையிலிருந்து கைக்குக் குத்தும் வழக்கமும் ஒழிந்து, கன்றிலிருந்து பெற்ற பால் வழங்கலாயிற்று. ஆனால் நீதவான்களிடஞ் சென்று தம் மனச்சாட்சியை மெய்ப்பித்தல் ஏழைகட்கு எளிதாகவில்லை. 1907இல் உறுதிக்கூற்று ஒன்றே போதுமென்றாயிற்று. கட்டாயம் முற்றாக நீங்கியது 1948இல், தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதாகும்.

உலகினின்றும் வைசூரியை ஒழிக்க 1970களில் உழைத்தோர், நோயாளியைத் தேடிக் கண்டு, பிரித்து வைத்து, அவரைச் சூழ்ந்தோர்க்கு அம்மைப்பால் குத்தினர். லெஸ்ரரின் முறையும் ஜென்னரின் ஊசியும் அங்கே ஒன்றாயின. 1980இல் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.