சைலன்சர் மாட்டினா துப்பாக்கி சத்தமே கேட்காதா? உண்மை இதுதான்!

சினிமாவில் சைலன்சர் துப்பாக்கி 'புஸ்' என்றுதான் சுடும். நிஜம் வேற! அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களின் ரைபிள் சத்தம் சுமார் 160 டெசிபல். 140-ஐ தாண்டினாலே ஒரே வெடியில் காது பாதிக்கலாம். சைலன்சர் குறைப்பது 20 முதல் 35 டெசிபல் வரைதான்.

ஏன் முழுசா அடங்காது?

குழல் வாயில் சீறும் வாயுவைத்தான் சைலன்சர் தடுத்து மெதுவாக வெளியே விடும். ஒலியைவிட வேகமாகப் பாயும் தோட்டா காற்றில் எழுப்பும் 'படார்' சத்தம் அப்படியே இருக்கும்.

சத்தத்தை இன்னும் குறைக்க?

நீளமான குழல், போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் உதவும். நொடிக்கு சுமார் 340 மீட்டருக்குள் பாயும் 'சப்சோனிக்' தோட்டா போட்டால் 'படார்' இருக்காது. ஆனால் தாக்கும் சக்தி குறையும். விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடிவிடலாம்.

அதனால் வழக்கமான தோட்டா, சைலன்சர், கூடவே காதுக்கும் கவசம். இதுதான் பாதுகாப்பு!