கணினியில் முதலில் கட்டப்படும் கட்டிடங்கள்: லண்டன் ரயில் பாதை தரும் பாடம்

பெரும் கட்டுமானத் திட்டங்களில் காலதாமதமும் செலவு அதிகரிப்பும் புதியவை அல்ல. இவற்றைக் குறைக்கும் வழியாகப் பல நாடுகளில் முன்வைக்கப்படுவது, 'பிம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டிடத் தகவல் மாதிரியாக்க முறையாகும். இந்த முறையால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதற்கு லண்டனின் எலிசபெத் ரயில் பாதை ஓர் உதாரணம்.

வரைபடத்தைக் கடந்து

காகித வரைபடத்தில் ஒரு சுவர் என்பது வெறும் கோடுகள்தான். பிம் மாதிரியில் அதே சுவருடன், அதன் முப்பரிமாண அளவுகள், அது எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், எப்போது கட்டப்பட வேண்டும், என்ன செலவாகும் ஆகிய தகவல்களும் இணைக்கப்படுகின்றன.

கட்டிடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின் ஒப்பந்தக்காரர் ஆகியோர் தனித்தனியே தயாரிக்கும் மாதிரிகள் பின்னர் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. காற்றுக் குழாய் ஒன்று இரும்பு உத்தரத்தை ஊடறுத்துச் செல்லுமானால், கணினி அதைச் சுட்டிக்காட்டிவிடும். கட்டிய பிறகு இடித்துத் திருத்த வேண்டிய பிழை, கணினித் திரையிலேயே திருத்தப்படுகிறது.

அரசுகளின் ஆணை

சிங்கப்பூரில், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டிடங்களின் திட்டங்களை பிம் வடிவில் சமர்ப்பிப்பது 2015ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. பிரிட்டனில், மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு இந்த முறை 2016 ஏப்ரலில் நிபந்தனையாக்கப்பட்டது.

பிரிட்டனில் பிம் முறையைப் பெரிய அளவில் பயன்படுத்திய தொடக்ககாலத் திட்டங்களில் ஒன்று, கிராஸ்ரெயில் என்ற பெயரில் 2009இல் கட்டுமானப் பணிகள் ஆரம்பிக்கப்பட்ட எலிசபெத் பாதை. லண்டனுக்கு அடியில் 42 கிலோமீட்டர் நீள சுரங்கங்களும், பத்து புதிய நிலையங்களும் அமைக்கப்பட்ட இத்திட்டத்தில், பல ஒப்பந்த நிறுவனங்களின் வடிவமைப்புத் தகவல்கள் ஒரு பொதுவான தரவுத் தளத்தில் பேணப்பட்டன.

ஆயினும் தாமதம்

எனினும், 2018 டிசம்பரில் திறக்கப்படவிருந்த இப்பாதை 2022 மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2010இல் 14.8 பில்லியன் பவுண்டுகளாக நிர்ணயிக்கப்பட்ட செலவு, இறுதியில் சுமார் 19 பில்லியன் பவுண்டுகளை எட்டியது.

பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, நிர்வாகத்தையே முக்கியமாகக் குறை கூறியது. பணிகளின் முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய விரிவான திட்டம் இல்லாமலேயே, 2018 டிசம்பர் என்ற தேதியை நிர்வாகம் பற்றிக்கொண்டிருந்ததாக அது தெரிவித்தது. மூன்று வெவ்வேறு சமிக்ஞை முறைகளுடன் ரயில்களின் மென்பொருளை இசைவாக இயங்கச் செய்வதும் கடினமான பணியாக இருந்தது.

ஒரு குழாயும் உத்தரமும் மோதுவதை மாதிரி கண்டுபிடிக்கும். ஆனால் நம்ப முடியாத ஒரு காலக்கெடுவை நிர்வாகம் கேள்வி கேட்கிறதா என்பதை அது கண்டுபிடிக்காது. பணித்தளத்தின் உண்மை நிலை உடனுக்குடன் மாதிரியில் பதியப்பட்டு, அது காட்டும் கசப்பான தகவலும் முடிவெடுப்பவர்களால் ஏற்கப்படும்போதுதான், இத்தொழில்நுட்பத்தின் முழுப் பயன் கிட்டும்.