விரல் கற்கும் வித்தை

குர்துபாவின் பேரறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, தமது 'தஸ்ரீஃப்' எனும் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கினார். அதன் முகப்பில் அவர் தாம் கண்ட ஒரு கொடுமையைப் பதிந்துள்ளார். பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியைக் கீறப் புகுந்த வைத்தியன் ஒருவன் இரத்த நாளங்களை அறுத்துவிட்டான். குருதி பெருகி, அவன் முன்னிலையிலேயே அவள் மாண்டாள். உடற்கூறு அறியாதவன் இத்தொழிலில் இறங்கினால் உயிர்ச்சேதமே விளையும் என்பது அவரது எச்சரிக்கை.

உடற்கூற்றை ஏட்டில் கற்கலாம். கை எங்கே கற்பது? எவ்வளவு அழுத்தினால் தோல் விலகும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினால் நாளம் அறும் என்பதை எந்த ஏடு சொல்லும்?

இதற்கு மிகப் பழைய விடையைச் சுச்ருத சம்ஹிதையில் காண்கிறோம். பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் கீறிப் பழகுக. தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நாளத்திலும் குத்திப் பழகுக. புழு அரித்த மரத்தில் சலாகை செலுத்துக. பலா, வில்வம் இவற்றின் சதையிலிருந்து பொருளைப் பிடுங்கி எடுக்கக் கற்க என்று அந்நூல் மாணவனை ஏவுகிறது. (அப்பாசியர் காலத்துப் பக்தாதில், யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீயின் ஆணைப்படி, மன்கா எனும் இந்திய மருத்துவர் இதனை அரபியில் ஆக்கித் தந்தார் என இப்னுந் நதீம் குறித்துள்ளார்.) சுரைக்காயில் குருதி இல்லை, வலி இல்லை. ஆயினும் அது கத்தியை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பே ஆசான்.

1980களின் பிற்பகுதியில், வயிற்றில் சிறு துளைகளிட்டு நீண்ட கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றும் முறை பரவியபோது, அந்த ஆசானின் குரல் மங்கிற்று. கண்ணுக்குத் திரை கிடைத்தது. விரலுக்கும் திசுவுக்குமிடையே ஒரு நீளக் கோல் புகுந்தது. தொடக்க ஆண்டுகளில் பித்தநாளக் காயங்கள் மிகுந்தன.

1993இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் மாஸி எனும் மாணவரும் கென்னத் சாலிஸ்பரியும் 'ஃபேன்டம்' எனும் கருவியை உருவாக்கினர். தையற்காரர் அணிவது போன்ற விரலுறையில் விரலை நுழைத்தால், மூன்று மோட்டார்கள் மெல்லிய கம்பிகள் வழியே அதைத் தடுத்தும் தள்ளியும் இல்லாத பொருளை உணர்த்தும். கண்ணை ஏய்க்க நொடிக்கு முப்பது படங்கள் போதும். விரலோ எளிதில் ஏமாறாது. நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை விசையைக் கணக்கிட்டால்தான் கெட்டியான பொருள் கெட்டியாகத் தோன்றும். இல்லையேல் எலும்பும் களிமண்ணாகிவிடும்.

ஆனால், இதற்கு மாறான சான்றொன்றையும் மறைத்தல் முறையன்று. பித்தப்பை அறுவையில் பொறியில் பழகிய பயிற்சி மருத்துவர்கள், பழகாதோரினும் 29 விழுக்காடு விரைவாக அதனைப் பிரித்தெடுத்தனர். பிழைகளும் வெகுவாகக் குறைந்தன என 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அப்பொறியில் தொடுவுணர்வே கிடையாது! கண்ணும் கையும் ஒத்திசைவதற்கு அது தேவைப்படவில்லை. காதெலும்பைத் துளையிடுவோருக்கோ நிலைமை வேறு. துளைப்பானின் அதிர்வும் எதிர்ப்பும் மாறுவதைக் கொண்டே அவர்கள் எங்கே நிறுத்துவதெனத் தேர்கின்றனர்.

2000இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற 'டாவின்சி' அறுவை இயந்திரத்திலும் விசையுணர்வு இல்லை. 2024இல் வந்த அதன் ஐந்தாம் தலைமுறையில்தான், தனிவகைக் கருவிகளின் துணையோடு, அது மருத்துவர் கைக்கு மீண்டது. மெய்யான கருவியே ஊமையாயிருந்தவரை, பயிற்சிப் பொறியும் ஊமையாயிருந்ததைக் குறை கூற முடியாது. இனி அந்தச் சமாதானம் செல்லாது.