சட்டத்தின் சொற்களும் அவை விட்டுவைக்கும் இடைவெளியும்

சட்டமொன்றில் சில சொற்கள் எல்லை வகுக்கப்படாது விடப்படுவதும், சில துல்லியமாக வரையப்படுவதும் தற்செயலானவையல்ல. பின்னர் அதற்குப் பொருள் கூறும் அதிகாரம் யாரிடம் செல்ல வேண்டும் என்ற தீர்மானமே அதில் அடங்கியுள்ளது.

தெளிவின்மை எப்போதும் குறையாகிவிடாது. 'நியாயமான காலத்தினுள்' போன்ற தொடர்களின்றிச் சட்டங்கள் இயங்க முடியாது. எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க இயலாத சட்டவாக்குநர், அவற்றை நீதிமன்றத்தின் மதிப்பீட்டுக்கு விடுகின்றனர். ஆனால் வரி வீதமும் தண்டனைக் காலமும் இலக்கங்களிலேயே கூறப்பட வேண்டியவை.

இணக்கம் காணமுடியாத இடத்திலும் பொதுச்சொற்கள் புகுகின்றன. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் 'காணி'யை மாகாண நிரலில் சேர்த்தது. அதேவேளை எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கையை மத்திக்கு ஒதுக்கியது. இரு தரப்பும் தத்தமக்கேற்பப் பொருள்கொள்ள அது இடமளித்தது. ஆனால் அரச காணி மத்திக்கே உரியது என உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

குற்றவியல் சட்டத்தில் இத்தகைய நெகிழ்ச்சி ஆபத்தானது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதங்கள் எனத் திட்டமாகக் கூறியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 12 ஆகக் குறைத்தது. எனினும், பயங்கரவாதம் எது என்பதற்கு அச்சட்டம் வரைவிலக்கணம் தரவில்லை. சமூகங்களிடையே பகைமையுணர்வைத் தூண்டும் சொற்களும் அதில் குற்றமாயின. மூன்று ஆண்டுகள் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்த அதன் ஆயுட்காலமோ 1982இல் நீக்கப்பட்டு, சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது.

விளைவை இரு சமூகங்களும் அறியும். ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகம், தமது கட்டுரைகள் தொடர்பான வழக்கில் 2009இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2010இல் மன்னிப்பளிக்கப்பட்டார். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020இல் கைதாகி, 2021 இறுதியில் பிணை பெற்று, 2023இல் விடுதலையானார். நீதிமன்றம் பொருள்காணும் முன்னரே பொலிஸார் பொருள்கண்டு விடுகின்றனர். பிந்திக் கிடைக்கும் விடுதலை, சிறையில் கழிந்த காலத்தை மீட்டுத் தருவதில்லை.

எமது அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையின்படி, சட்டமூலம் சட்டமான பின்னர் அதன் செல்லுபடித்தன்மையை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது. ஆதலால், எந்தச் சட்டமூலத்திலும் முதலில் படிக்க வேண்டியது அதன் பொருள்கோடல் பிரிவையே. தண்டனை துல்லியமாகவும் குற்றம் மங்கலாகவும் எழுதப்பட்டிருப்பின், மக்கள் பிரதிநிதிகள் எழுந்து வினவ வேண்டிய தருணம் அதுவே. வாக்கெடுப்பின் பின்னர் வினவிப் பயனில்லை.