ஒரு பைசாவில் கட்டிய தொடர்பு

வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்." ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்கு அந்த நாலு பேர் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறார்கள். மாமா வங்கியில் இருப்பார், சித்தப்பா தலைமைச் செயலகத்தில் இருப்பார். ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ கலவையிலோ தோல் வேலை செய்தவரின் மகள் பட்டம் வாங்கிய பிறகும், சிபாரிசுக்கு ஆளில்லாமல் நிற்கிறாள்.

அதற்காக நமக்குத் தொடர்புகளே இருந்ததில்லை என்று எண்ணிவிடக் கூடாது தோழர்களே. நம் முன்னோர் அதைக் கட்டியவர்கள்.

1880க்குப் பிறகு கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் பெருகியபோது, வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பெருந்திரளான மக்கள் அங்கே போனார்கள். வேறு சிலர் ரங்கூனுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறினார்கள். பிழைப்பு மக்களைச் சிதறடித்தது. சிதறியவர்களைச் சேர்த்தது பண்டிதர் அயோத்திதாசரின் உழைப்பு. 1898இல் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பம், பெங்களூரு, திருப்பத்தூர், ரங்கூன், டர்பன் எனக் கிளைகள் எழுந்தன.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் 'தமிழன்' ஆனது. பெயரை மாற்றச் சொல்லும் உரிமை வாசகருக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள். பண்டிதர் விடை எழுதினார். வாராவாரம் இது நடந்தது. தொடர்பு என்பது தேவைப்படும்போது மட்டும் தட்டுகிற கதவல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பது 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு தெரிந்தது. அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு அது நின்றது. ஆனால் 1926இல் தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சுரங்கத்தில் இறங்கிய கைகள் அறிவையும் காத்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒழுங்கு: வாரம் தவறாமை. இரண்டு, கேட்பதற்கு முன் கொடுப்பது. மூன்று, ஒருவர் போனாலும் நிற்காதபடி பொறுப்பைப் பகிர்வது.

நம் சேரியிலிருந்து முதலில் பட்டம் பெற்றவர், முதலில் செவிலியரானவர், முதலில் வழக்கறிஞரானவர் யார் யார்? ஊர் ஊராக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். பள்ளி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்களில் ஒருவரையாவது அறிமுகம் செய்வோம். மாதம் ஒருமுறை கூடுவோம். நோட்டை ஆண்டுதோறும் வேறொரு கையில் ஒப்படைப்போம். ஒரு பைசாவில் அவர்கள் செய்ததை, கையில் கைபேசி வைத்திருக்கும் நாம் செய்யாமல் விடலாமா?