பிள்ளைப்பேற்று வயதுக்குப் பின்: கெடா தோட்டத் தமிழ்ப் பெண்களும் மார்பகப் பரிசோதனையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோத்தா கோலா மூடா கரையோரத்திலிருந்து சுங்கைப்பட்டாணி, பீடோங் வரை வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிறது. இக்குடும்பங்களின் பெண்கள் மார்பகப் பரிசோதனைக்குத் தாமதமாக வந்தால், கூச்சமும் அறியாமையும்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது முழு விளக்கமாகாது. பெண்ணைத் தொழிலாளியாகவும் தாயாகவும் மட்டுமே கண்ட மருத்துவ அமைப்பில், அந்த இரண்டு நிலைகளையும் கடந்த பெண்ணுக்கு இடமே இருக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோட்ட ஆஸ்பத்திரியின் காலம்

காலனிக் காலத் தொழிலாளர் சட்டங்கள் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டன. ஆள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அந்த மருத்துவத்தின் நோக்கம். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கவனம் பெற்றன. அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரெஸ்ஸர். 1965ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்ய வகைசெய்தது. ஆனால் அப்பணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மார்பில் கட்டி இருப்பதை ஒரு பெண் ஆண் டிரெஸ்ஸரிடம் எப்படிச் சொல்வாள்? விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்வந்தவள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத கட்டிக்காகக் கூலியை விடும் வசதி அவளுக்கு இல்லை.

மிஸ்ஸியின் காலம்

1950களில் கெடாவின் ஜித்ராவில் கிராம சுகாதாரப் பயிற்சிப் பள்ளி உருவானது. பின்னர் கிராமந்தோறும் கிளினிக்குகள் எழுந்தன. மிஸ்ஸி என்று அழைக்கப்பட்ட தாதியர் வீடு தேடி வந்தனர். பிரசவ மரணங்கள் பெருமளவு குறைந்தன. இது மலேசியாவின் பெருஞ்சாதனை. ஆயினும் தோட்டங்கள் தனியார் நிலமாக இருந்ததால் அச்சேவை அங்கே முழுமையாக நுழையவில்லை. கிளினிக்கின் அழைப்பும் கர்ப்பத்தோடும் குழந்தையின் தடுப்பூசியோடும் முடிந்தது. மார்பகப் புற்றுநோயின் ஆபத்து வயதோடு கூடுகிறது. ஆபத்து ஏறும் வயதில் தோட்டப் பெண்ணை யாரும் அழைக்கவில்லை.

பிரச்சாரத்தின் காலம்

1995இல் சுகாதார அமைச்சின் நல்வாழ்வு இயக்கம் புற்றுநோயைக் கருப்பொருளாக எடுத்தது. மார்பகச் சுயபரிசோதனை பரவலாகப் பேசப்பட்டது. 2007 முதல் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் மேமோகிராமுக்கு உதவித்தொகை வழங்கியது. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு இலவச உடல்நலப் பரிசோதனையையும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 ரிங்கிட்டையும் தருகிறது. இதற்கிடையே தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயன் எனும் தோட்ட வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் டவுன் ஓரங்களுக்குச் சிதறின. பழைய தோட்ட மருத்துவம் போனது. பெயர் சொல்லி அழைக்கும் புதிய ஏற்பாடு வரவில்லை. நாடு தழுவிய அழைப்புமுறை இன்றும் இல்லை. தானாக வருபவருக்கே பரிசோதனை கிடைக்கிறது.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கை, வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கில் ஒரு லட்சம் பெண்களுக்குச் சீனரில் 40.7, இந்தியரில் 38.1, மலாய்க்காரரில் 31.5 பேருக்கு மார்பகப் புற்றுநோய் காணப்பட்டதாகக் கூறுகிறது. ஏறத்தாழ பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்கள். இந்த விகிதம் முந்தைய ஐந்தாண்டைவிடக் குறையவில்லை, கூடியிருக்கிறது. பிரச்சாரம் மட்டும் போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மும்பை காட்டும் வழி

ஷாங்காய் ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வு, சுயபரிசோதனைப் பயிற்சி மட்டும் மரணத்தைக் குறைக்கவில்லை என 2002இல் காட்டியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையோ, 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை ஆய்வில் சேர்த்தது. ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது; ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு உறுதியாக நிறுவப்படவில்லை. ஐம்பதைக் கடந்தவர்களிடமே பயன் தெளிவாகத் தெரிந்தது.

கெடாவுக்கு இதில் பாடம் உண்டு. தாய்சேய் நலத்துக்காக வீடு தேடிச் சென்ற அதே தாதியர் சேவை, ஐம்பது வயதுப் பெண்ணின் வீட்டுக்கும் போக வேண்டும். தமிழில் பேசும் பெண் பணியாளர் அவளைப் பரிசோதித்து, தேவையானால் மேமோகிராமுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்றைய கூலியை ஈடுசெய்யவும் வழி வேண்டும். பிரசவ மரணத்தை வென்ற நாட்டுக்கு இது எட்டாத இலக்கல்ல.