படிக்க இயலாத எழுத்துகள்

குற்றாலத்துச் சித்திர சபைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆடல்வல்லானின் ஐம்பெரும் சபைகளுள் இங்கு அவர் செப்புத் திருமேனியாக அன்றி, சுவரில் தீட்டிய ஓவியமாகவே வணங்கப்படுகிறார். ஓவியத்தின் முன் அமைதியாக நிற்பது வடகரை, தென்காசி வட்டாரத்து மக்களுக்குப் புதிதன்று. ஆயினும் உருவங்களைத் துறந்த நவீன ஓவியம் ஒன்றைக் கண்டால், "இதன் பொருள் என்ன?" என்பதே நம் முதற்கேள்வியாகிறது. அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், மலையாளக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே குடும்பப் பொறுப்பு தோளில் ஏறியதால், தந்தித் துறையில் பணியாற்ற நேர்ந்தது. தூரிகையோ கையை விடவில்லை. 1936இல், ஏறத்தாழ 25ஆம் வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவருக்கு ஆசான். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகி, 1957இல் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். இதற்கிடையே 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கினார்.

தொடக்கத்தில் அவர் தீட்டியவை கேரளத்தின் நீர்நிலைகளும் தென்னைகளும் நிறைந்த இயற்கைக் காட்சிகள். பின்பு மனிதத் துயரும் அமைதி வேட்கையும் அவர் ஓவியங்களில் இடம்பெற்றன. "சமாதானம் செய்வோர் பேறுபெற்றோர்" என்னும் மலைப்பொழிவின் மொழியை ஓர் ஓவியத்திற்கு அவர் தலைப்பாக்கியதை நாம் நினைவுகூரலாம். 1954இல் ஐரோப்பா சென்ற அவர், மேலைநாட்டு அருவ ஓவியங்களை நேரில் கண்டார். அந்தத் துணிவு அவரைக் கவர்ந்தது. ஆனால் இரவல் மொழியில் பேச அவர் மனம் ஒப்பவில்லை. நம் மண்ணுக்குரிய அருவம் எது என்னும் தேடல் தொடங்கியது.

விடை எளிய இடத்திலிருந்து வந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் எழுத்துகளும் கோடுகளும் அடுக்கடுக்காய் நின்ற அழகு அவரை ஈர்த்தது. 1963 முதல் "சொற்களும் குறியீடுகளும்" என்னும் ஓவிய வரிசை பிறந்தது. சாதகக் கட்டங்களை ஒத்த சதுரங்கள், மலையாள எழுத்தை நினைவூட்டும் வரிகள், கணிதக் குறிகள், பறவைகள், மீன்கள் ஆகியவை அவற்றில் நிறைந்தன. அவ்வரிகளை எவராலும் படிக்க இயலாது. படிப்பதற்காக அவை எழுதப்படவும் இல்லை. வாசற்கோலத்தின் பொருளை நாம் கேட்பதில்லை. ஏட்டுச்சுவடியின் எழுத்தறியாதவரும் அதன் ஒழுங்கில் மனம் தோய்வர். நம் கண்ணில் ஏற்கெனவே குடியிருந்த இந்த அழகுணர்வையே பணிக்கர் தட்டியெழுப்பினார்.

ஆனால் படிக்க இயலாத எழுத்தை விலை கொடுத்து வாங்குவோர் யார்? பள்ளியை விட்டு வெளியேறும் இளம் ஓவியர்கள் வயிற்றுக்காகத் தங்கள் கலையைக் கைவிடுவதை அவர் கண்டார். வாங்குவோரின் விருப்பத்திற்கு ஓவியத்தை வளைப்பதினும், பிழைப்பை வேறு கைத்தொழிலில் தேடுவதே மேல் எனக் கருதினார். எனவே ஓவியர்கள் கூடி பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. இங்கிலாந்தில் பென் நிக்கல்சன் முதலிய அருவ ஓவியர்கள் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடலோரச் சிற்றூரில் வாழ்ந்து படைத்ததுண்டு. சோழமண்டலமோ, ஓவியர்கள் தங்கள் கைத்தொழில் வருவாயைக் கொண்டு தாங்களே அமைத்துக்கொண்ட குடியிருப்பு.

பணிக்கர் 1977இல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஓவியக்கூடம் அமைந்துள்ளது. சோழமண்டலத்தில் 2009இல் சென்னை ஓவிய இயக்கத்திற்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எனினும் அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவற்றினும் பெரிது. உண்மையான படைப்பு விலைக்கு வளையாதிருக்க வேண்டுமெனில், படைப்பவன் உழைத்துண்ணத் தயங்கலாகாது. அவருடைய ஓவியத்தில் உள்ள எழுத்துகளை நம்மால் படிக்க இயலாமற் போகலாம். அவர் வாழ்ந்த வாழ்வு மட்டும் யாவரும் படிக்கத்தக்க தெளிவான எழுத்தாகவே இருக்கிறது.